போன் திரையைப் பதிவு செய்தல்: ஒரு சின்னப் பொத்தானின் நீண்ட வரலாறு

 

ஜெயபுரம், நாச்சிக்குடா, முழங்காவில், பல்லவராயன்கட்டுப் பக்கத்து உறவுகள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஊரில் ஆசிரியர்களாக இருக்கிற எங்களிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட போனைப் பற்றிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். அதில் அடிக்கடி வருவது ஒரே கேள்வி: "சேர், வீடியோ கோலில கதைக்கிறத அப்பிடியே எடுத்து வைக்கேலுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மம்மாமார், உம்மம்மாமார், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற தாய்மார். ஏலும். போனின் மேற்பக்கத்திலிருந்து விரலால் கீழே இழுத்தால் வரும் கட்டங்களுக்குள் திரைப் பதிவுக்கு ஒரு பொத்தான் இருக்கும். அதை அமத்தினால் சரி. ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஏறத்தாழ 80 வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் எங்கள் வன்னிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அமத்துவது நல்லது என்று நினைக்கிறோம்.

தொலைக்காட்சி வந்த ஆரம்ப காலத்தில் அதில் வந்ததெல்லாம் நேரடி ஒளிபரப்புத்தான். ஒருவர் பாடினால் அந்த நேரத்தில் பார்த்தவர்களுக்கு மட்டுமே பாட்டு. முடிந்தால் முடிந்ததுதான். அமெரிக்காவில் நியூயோர்க்கில் எட்டு மணிக்கு ஒளிபரப்பான நிகழ்ச்சியை, மூன்று மணித்தியால நேர வித்தியாசம் உள்ள மேற்குக் கரைக்குக் கொடுக்க வழியிருக்கவில்லை. அதற்குக் கண்டுபிடித்த வழி மிகவும் எளியது. தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் ஒரு சினிமாக் கமராவை நிறுத்தி, திரையில் வருவதைப் படச்சுருளில் பிடித்தார்கள். இதற்குக் கினஸ்கோப் என்று பெயர். 1947 இல் கொடாக் நிறுவனம் இதற்கென்றே ஒரு கமராவை வெளியிட்டது. படம் மங்கலாக இருக்கும், கோடு விழும். ஆனாலும் அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இப்படித் திரையைப் பார்த்துப் பிடித்தவைதான். 1956 இல் அம்பெக்ஸ் நிறுவனம் காந்த நாடாவில் படத்தைப் பதியும் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகே அந்த முறை மெல்ல மெல்ல ஒழிந்தது.

திரையைப் பிடித்த நகல் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு உலகமே அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1969 ஜூலையில் அப்பலோ 11 விண்கலத்தில் போனவர்கள் சந்திரனில் கால் வைத்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. சந்திரனில் இருந்த கமரா சாதாரணத் தொலைக்காட்சியின் முறையில் படம் அனுப்பவில்லை. அதனால் பூமியில் இருந்த நிலையங்களில் அந்தப் படத்தை ஒரு விசேட திரையில் காட்டி, அந்தத் திரையை இன்னொரு கமராவால் பிடித்துத்தான் உலகத்துக்கு அனுப்பினார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்தது ஒரு திரையின் படத்தைத்தான். அசல் சமிக்ஞை நாடாக்களில் பதிந்து வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் நாடாத் தட்டுப்பாடு வந்தபோது பழைய நாடாக்களை அழித்துத் திரும்பப் பாவித்தார்கள். பிறகு நாசா தேடியபோது அசல் இல்லை. 2009 இல், 40 ஆவது வருட நிறைவுக்காக, தொலைக்காட்சி நிலையங்களில் இருந்த நகல்களை, கினஸ்கோப் சுருள் உட்பட, பொறுக்கிச் சேர்த்துத்தான் சீர்செய்தார்கள். அவுஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிறீக் நிலையத்தில் வேலை செய்த எட் வொன் ரெனுவார்ட் என்ற தொழில்நுட்பவியலாளர், அன்றைக்குத் தனக்கு முன்னால் இருந்த திரையைத் தன்னுடைய சின்னப் படச்சுருள் கமராவால் பிடித்து வைத்திருந்தார். அசலுக்கு மிகக் கிட்டிய காட்சிகளில் அதுவும் ஒன்றாக இன்றைக்குக் கருதப்படுகிறது.

சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நிறுவனத்திடமே அசல் இல்லாமல் போனது. திரையைப் பிடித்தவனிடம் நகல் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருவோம்.

அடுத்த கட்டம் வீட்டுக்குள் நடந்தது. 1975 இல் சொனி நிறுவனத்தின் பீற்றாமக்ஸும் 1976 இல் வீ.எச்.எஸ். முறையும் வந்தன. தொலைக்காட்சியில் வருவதைப் பொதுமக்கள் தங்கள் வீட்டிலேயே பதிந்து வைக்கலாம் என்ற நிலை உண்டானது. படக் கம்பனிகளுக்கு இது பிடிக்கவில்லை. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்து வைப்பது குற்றமல்ல என்று 1984 இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒரேயொரு நீதியரசர் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால் "பதிவு" என்ற பொத்தானின் கதையே வேறாகியிருக்கும்.

அந்தப் பொத்தானை அமத்தி வரலாறு படைத்த ஒரு பெண்ணும் இருக்கிறார். பிலடெல்பியாவில் நூலகராக இருந்த மரியன் ஸ்ரோக்ஸ். 1979 தொடக்கம் 2012 இல் இறக்கும் வரை, இரவு பகலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிந்துகொண்டே இருந்தார். சேர்ந்தவை சுமார் 70,000 நாடாக்கள். பலர் அதை வீண் வேலையாகவே பார்த்தார்கள். இன்று அந்த நாடாக்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திடம் இருக்கின்றன.

எங்கள் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 இல் ஐ.ரீ.என். உடன். ரூபவாஹினி 1982 இல் வந்தது. வன்னிக்கு அது இலேசில் எட்டவில்லை. மின்சாரம் இல்லாத ஊர்களில் டீவியையும் டெக்கையும் ஜெனரேட்டரையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த கதைகளை மூத்தவர்களிடம் கேளுங்கள். 90களில் பொருளாதாரத் தடை. பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். அப்படியிருந்தும் கலியாண வீட்டு வீடியோக் கசற்றுகள் வெளிநாட்டுக்குப் போயின, வெளிநாட்டுக் கசற்றுகள் இங்கே வந்தன. திரையில் ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து அழுவது வட்ஸ்அப்போடு வந்த பழக்கம் அல்ல.

கணினித் திரையைப் பதிவது 90களில் மென்பொருளாக வந்தது. அதை உலகத்தின் வகுப்பறையாக்கியவர்களில் ஒருவர் சல்மான் கான். தகப்பன் வழி வங்காளதேசம், தாய் வழி இந்தியா. 2004 இல் தூரத்தில் இருந்த மாமா மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மற்றச் சொந்தக்காரப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் காணாமல், தான் கணினித் திரையில் எழுதுவதையும் தன் குரலையும் பதிந்து 2006 இல் யூரியூப்பில் போட்டார். அதுதான் பிறகு கான் அகடமி ஆனது. முகம் தெரியாது. கறுப்புத் திரை, கலர்க் கோடுகள், ஒரு குரல், அவ்வளவுதான். ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தல் சாதனம் என்றால் மட்டை, மார்க்கர் பேனை, கத்தரிக்கோல். திரைப் பதிவும் ஒரு கற்பித்தல் சாதனம் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் கணக்குப் பாடம்.

இனி போனுக்கு வருவோம். போனுக்கு இந்த வசதி உடனே வரவில்லை. 2013 இல் வந்த அண்ட்ரொயிட் 4.4 இல் திரையைப் பதியலாம், ஆனால் போனைக் கணினியோடு வயரால் பொருத்திக் கட்டளை கொடுக்க வேண்டும். அதிலும் மூன்று நிமிடம்தான். 2014 நவம்பரில் வந்த அண்ட்ரொயிட் 5.0 தான் சாதாரண ஒரு செயலிக்கும் திரையைப் பதிய வழி திறந்தது. ஐபோனில் 2017 இல் ஐ.ஓ.எஸ். 11 உடன் பொத்தானாகவே வந்தது. 2020 இல் அண்ட்ரொயிட் 11 அதைத் தன்னோடு சேர்த்தே கொண்டுவந்தது.

ஏன் இவ்வளவு தயக்கம்? திரையில் எல்லாமே வரும் என்பதால்தான். வங்கிக் கணக்கு, கடவுச்சொல், குடும்பப் படம், ஒருவர் நம்பி எழுதிய கடிதம். எந்தச் செயலி வேண்டுமானாலும் களவாகத் திரையைப் பதியலாம் என்றிருந்தால் போனில் ஒரு இரகசியமும் மிஞ்சாது. அதனால்தான் பதிவு தொடங்கும்போது போன் உங்களிடம் அனுமதி கேட்கிறது, மூலையில் ஒரு அடையாளத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வங்கிச் செயலிகளைப் பதிந்தால் கறுப்பாக வருவதும் இதனால்தான். போன் பழுதில்லை. "என்னைப் பதியாதே" என்று அந்தச் செயலி போனுக்குச் சொல்லியிருக்கிறது.

திரையிலிருந்து எடுத்த ஒரு துண்டு என்ன செய்யும் என்பதை எங்கள் நாடு பெரிய விலை கொடுத்துப் படித்தது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கொத்துக்குள் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் குழப்பம் வந்தது. சிங்களம் சரியாக விளங்காத ஒருவரைக் கூட்டம் சுற்றி நின்று கேட்டு, அவர் தடுமாறிச் சொன்னதைப் போனில் பிடித்து, "ஒப்புக்கொண்டான்" என்று பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது நேரம் பிந்திவிட்டது, திகனயும் எரிந்துவிட்டது. அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. தன் தளம் அந்த நேரத்தில் தவறாகப் பயன்பட்டதற்கு 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, 2019 மே 12 இல் சிலாபம். பேஸ்புக்கில் ஒருவர் சிங்களத்தில் முஸ்லிம்களை இழிவாக எழுத, ஒரு கடைக்காரர் அரைகுறை ஆங்கிலத்தில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழ வேண்டி வரும் என்ற கருத்தில் பதில் எழுதினார். அந்த உரையாடல் ஸ்கிரீன்ஷொட்டாகக் கைமாறியது. அடுத்த குண்டுக்கு முன்னறிவிப்பு என்று அதை வாசித்தார்கள். கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல்லெறிந்தார்கள். அடுத்த நாள் குருநாகல் மாவட்டம், மினுவாங்கொடை என்று பரவியது. புத்தளம் மாவட்டத்தில் ஓர் உயிர் போனது. வடக்கிலிருந்து போன எங்கள் உறவுகள் அடைக்கலம் தேடிய மாவட்டம் அது.

இங்கே கவனியுங்கள். அந்த ஸ்கிரீன்ஷொட் பொய்யல்ல. எழுதியது எழுதியதுதான். ஆனால் எழுதியவரின் தொனி, அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தின் அளவு, அன்றைய மனநிலை எதுவும் அதற்குள் இல்லை. திரைப் பதிவு சட்டகத்துக்குள் இருப்பதை மட்டுமே காட்டும். முன்னுக்கு நடந்தது எது, பின்னுக்கு நடந்தது எது, யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என்பதை அது சொல்லாது. எங்கள் சட்டமும் இதை அறியும். சமகாலப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் சம்பவம் நடந்த நேரத்திலேயே பதிந்ததா, மாற்றம் செய்யாததா என்ற கேள்விகளுக்கு அந்தப் பதிவு முகம் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் கேட்கிற கேள்வியை வட்ஸ்அப் குரூப்பில் நாங்கள் கேட்பதில்லை. "பக்கத்து ஊரில இப்பிடியாம்" என்று ஒரு பதிவு வந்தால், அனுப்புவதற்கு முதல் அந்த இரண்டு கேள்விகளையும் நாங்களும் கேட்கலாமே.

அதே பொத்தான் நன்மையும் செய்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏப்ரலில் குருகெதர நிகழ்ச்சி தொடங்கி, தமிழ்ப் பாடங்கள் நேத்ரா தொலைக்காட்சியில் வந்தன. ஆனால் தொலைக்காட்சி ஒரு தடவைதான் சொல்லும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு போன். அதுவும் வாப்பா கடலாலோ அப்பா வயலாலோ வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். நேரடி வகுப்பு அவர்களுக்குச் சரிவராது. பதிந்து அனுப்பிய பாடம்தான் சரிவந்தது. நாடு முழுக்க ஆசிரியர்கள் போனில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, விரலால் எழுதி, குரல் கொடுத்து, திரையைப் பதிந்து அனுப்பினார்கள்.

அதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு செக்கனுக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்.பி. வட்ஸ்அப்பில் அன்று வீடியோவாக அனுப்பக்கூடியது 16 எம்.பி. அதாவது கால் நிமிடப் பாடம்! வேகத்தை 1 மெகாபிட்டுக்குக் குறைத்தால் இரண்டு நிமிடம் அடங்கும். எழுத்தும் கோடும் மட்டும் உள்ள திரைக்கு அதுவே போதும். பின்னத்தை இரண்டு நிமிடத்தில் சொல்ல ஆசிரியர்கள் பழகியது இந்தக் கணக்கால்தான். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்ற மூன்று மாதத்துக்கும் மேலான காலத்தில், போனில் சேமித்து வைத்த பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்துப் படித்த பிள்ளைகளும் உண்டு.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது. முதலில் குறித்த இடம் எங்கள் பூநகரிப் பிரதேசத்து இரணைதீவு. அங்கத்தைய மக்கள் எதிர்த்தார்கள். பிறகு மார்ச் 5 இல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. வடக்கிலும் தெற்கிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு கடைசி முகம் என்பது போன் திரையில் பார்த்த முகம்தான். அதைப் பதிந்து வைத்தவர்களுக்கு அது வெறும் வீடியோ அல்ல.

இப்போது அந்த அம்மம்மாமாரின் கேள்விக்குச் சரியான பதில். வட்ஸ்அப் வீடியோ அழைப்பைத் திரைப் பதிவில் எடுத்தால் முகம் வரும், பெரும்பாலான போன்களில் மறுபக்கத்துக் குரல் வராது. அழைப்பின் குரலை மற்றச் செயலிகள் பதிவதை அண்ட்ரொயிட்டும் ஐபோனும் தடுத்து வைத்திருக்கின்றன. ஒட்டுக்கேட்பைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு, ஆனால் உம்மாவின் குரலும் அதே கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. பேசாத படமாக முகத்தை வைத்துக்கொண்டு பிறகு கவலைப்படுவதைவிட, இன்றைக்கே ஒரு தரம் பதிந்து போட்டுப் பாருங்கள். குரல் வராவிட்டால் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொரு போனால் அந்தத் திரையை வீடியோ எடுங்கள். 1947 இல் கினஸ்கோப் செய்ததும் இதைத்தான், ஹனிசக்கிள் கிறீக்கில் நடந்ததும் இதைத்தான். பழைய முறைதான், இன்றைக்கும் கைகொடுக்கும்.

இன்னொரு விசயம். நீங்கள் அழைப்பைப் பதிந்தால் மறுபக்கத்தில் இருப்பவருக்கு வட்ஸ்அப் எதுவும் அறிவிக்காது. ஆகவே அறிவிக்க வேண்டியது நீங்கள். "மகன், இதை எடுத்து வைக்கிறன்" என்று ஒரு சொல். ஒரு சபையில் கதைத்தது அமானிதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் அழைப்பைத் தெரியாமல் பதிந்து வைத்துப் பிறகு மிரட்டுகிற வேலை நடக்கிற காலம் இது. அப்படி நடந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். மிரட்டிய செய்திகளை, இலக்கமும் திகதியும் தெரிய, மேலிருந்து கீழ்வரை வெட்டாமல் திரைப் பதிவாக எடுத்து வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். அதே பொத்தான் அங்கே பிள்ளைக்குச் சாட்சி.

கடைசியாக, இதை ஏன் இவ்வளவு எழுதினோம் என்றால்.

1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். எங்கள் பக்கத்தில் நாச்சிக்குடாவும் வெறுமையானது. அல்பம் தூக்குகிற நேரமா அது? 2008 இல் ஜெயபுரமும் முழங்காவிலும் வன்னி முழுவதும் எழும்பிக் கிழக்கே போனது. அந்தப் பாதையில் பங்கருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போன கலியாணப் படங்கள் எத்தனை, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் எத்தனை, வீடியோக் கசற்றுகள் எத்தனை. பதினெட்டு வருட இடைவெளியில் இரண்டு சமூகமும் ஒரே பொருளைத் தொலைத்துவிட்டு வந்து, இன்றைக்கு ஒரே ஏ32 வீதியில் பஸ் ஏறுகிறோம். எங்கள் பிள்ளைகளிடம் "உன் தாத்தாவின் படம் கொண்டுவா" என்று வகுப்பில் சொன்னால், கொண்டுவர முடியாத பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

நாசாவிடமே அசல் இல்லாமல் போகும் என்றால் எங்களிடம் இல்லாமல் போனதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் நகல்கள் எங்கேயோ இருக்கின்றன. புத்தளத்தில் ஒரு சாச்சியின் அலுமாரியில், ரொறொன்ரோவில் ஒரு மாமியின் அல்பத்தில், லண்டனுக்கு அனுப்பிய பழைய கசற்றில். அடுத்த தரம் அவர்களோடு கதைக்கும்போது அந்த அல்பத்தைத் திறந்து கமராவுக்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். "இது யார், எந்த வருசம், எந்த வீடு" என்று கேளுங்கள். அனுமதி கேட்டு, பொத்தானை அமத்துங்கள். பிறகு அந்தக் கோப்பை மெமரி கார்ட்டில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்புக்குப் பெயரும் திகதியும் தமிழிலேயே எழுதுங்கள்.

செய்து தர ஆள் இல்லாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். எங்கள் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள். அவர்களுக்கும் அது ஒரு வரலாற்றுப் பாடம்தான்.